பெயர்ப்பியல்: சாமான் நகர்த்தும் ஆங்கில வினைகள் பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் எந்தச் சொல்லின் பதிவு மிக நீளம் என்றொரு பந்தயம் நெடுங்காலமாக நடக்கிறது. 1989-இன் இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்'டுக்கு. திருத்தப் பணியில் 2007-இல் 'புட்' முன்னே வந்தது. 2011-இல் 'ரன்' 645 பொருள்களோடு பாய்ந்து வந்து முந்திவிட்டது. ஓடுகிறவனை விடுவோம். மற்ற இரண்டுக்கும் அடிப்படைத் தொழில் ஒன்றே: ஒரு சாமானை ஓரிடத்தில் வைப்பது. அதற்கே இத்தனை பக்கம் செலவிட்ட மொழியை ஆராயாமல் விடலாகாது.

இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. பெத் லெவின் என்னும் அம்மையார் 1993-இல் 3,000-க்கு மேற்பட்ட ஆங்கில வினைகளைக் குலம் குலமாகப் பிரித்தார். வைப்பதற்கு ஒரு குலம், அனுப்புவதற்கு ஒன்று, சுமப்பதற்கு ஒன்று. சட்டைப்பையில் போடுவதும் சிறையில் போடுவதும் ஒரே குலம். (திருடன் பணத்தை உள்ளே போட்டதும், அவனை உள்ளே போட்டதும் ஒரே வகை வினை. இலக்கணத்தின் நீதி இது.) ஆயினும் அம்மையார் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. அது முனகல்.

சான்றுக்கு ஒரு பெட்டி. சக்கரம் உருளும்வரை அது 'வீல்', முனகல் சுழி. சக்கரம் கழன்றதும் கையில் தூக்கினால் 'கேரி'. படிக்கட்டு வந்து, கைப்பிடி உள்ளங்கையை அறுத்து, ஒரு தோள் இறங்கிவிட்டால் 'லக்'. இரண்டாம் மாடியில் தூக்க மாட்டாமல் படிக்குப் படி தடக் தடக்கென்று இழுத்தால் 'டிராக்'. மூன்றாம் மாடியில், 'இது என் பெட்டியே இல்லை, மைத்துனனுடையது' என்ற ஞானம் பிறக்கும் நொடியில் அது 'ஷ்லெப்'. பெட்டியும் மாறவில்லை, எடையும் மாறவில்லை. ஷ்லெப் இட்டிஷ் மொழியிலிருந்து வந்தது. குறைபட்டுக்கொள்ளாமல் அதைச் செய்யவே முடியாது. 'லக்கேஜ்' என்ற பெயரும் 'லக்'கிலிருந்து பிறந்ததே. ரயில் நிலையத்தில் போர்ட்டரிடம் பேரம் பேசுவோர் இதைக் கவனிக்க.

அற்றேல், முனகல் இல்லாத வினைகளுக்கு என்ன வழி எனின், அங்கே ஆங்கிலம் ஆள் நிற்கும் இடத்தைப் பார்க்கும். என் பக்கம் வந்தால் 'பிரிங்', விலகிப் போனால் 'டேக்'. இந்த வருதல் போதல் சங்கதியைச் சார்லஸ் ஃபில்மோர் 1971-இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் சொற்பொழிவாகவே நிகழ்த்தினார். 'தா', 'வா' தன்மை முன்னிலைக்கு, 'செல்', 'கொடு' படர்க்கைக்கு என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் எப்போதோ பிரித்துவிட்டதை இங்கே தேவைக்கு மேல் அழுத்த விரும்பவில்லை. 'ஃபெட்ச்' தனி ரகம். போகவேண்டும், எடுக்கவேண்டும், திரும்பவும் வேண்டும். நாற்காலியை விட்டு எழாதவர் உண்டாக்கிய சொல்லாகத்தான் இருக்கவேண்டும்.

'லோடு' இன்னும் தந்திரமானது. வைக்கோலை வண்டியில் லோடு செய்தால் அரைவண்டியாகவும் இருக்கலாம். வண்டியையே வைக்கோலால் லோடு செய்தால் வண்டி நிறைந்தாகவேண்டும். வாடகை லாரிக்காரர் இதைப் படிக்காமலே அறிவார். முதல் வகையில் வாடகை பேசி, இரண்டாம் வகையில் ஏற்றுபவர்தாம் வாடிக்கையாளர்.

ஆபத்து அதிகம் உள்ளதோ மிகக் குறுகிய பயணத்தில்: தாளை மேசைக்கு நகர்த்துவதில். 'டேபிள்' என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடு, அமெரிக்காவில் ஒத்திப்போடு. இரண்டாம் உலகப் போரின்போது ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்வதா கூடாதா என்று இரு நாட்டாரும் நெடுநேரம் காரசாரமாக மோதி, கடைசியில் இரு தரப்பும் கேட்டது ஒன்றே என்று கண்டார்களாம். சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதுகிறார். அந்தத் தாளுக்கு ஒரு மூட்டை எடை இருந்திருந்தால் சண்டையே இல்லை. தூக்கியவர் முனகியிருப்பார், மற்றவருக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே அகராதிக்காரர்கள் இவ்வினைகளை இனி அகர வரிசையை விட்டு முனகல் வரிசையில் அச்சிடுக. மறுப்புடையோர் ஒரு கிரைண்டரை லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, மூச்சு அடங்குவதற்குள் தம் மறுப்பை எழுதி அனுப்புக.