முன்பக்க அளவு

வேட்டிக்கு யாரும் அளவெடுத்து நான் பார்த்ததில்லை. கடையில் நாலு முழமா, எட்டு முழமா என்று மட்டும்தான் கேட்பார்கள். எட்டு முழம் என்றால் இன்றைக்கு ஏறக்குறைய 3.6 மீட்டர். 60 கிலோ பையனுக்கும் அதுதான், 110 கிலோ பெரியப்பாவுக்கும் அதுதான். உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத இந்த உடுப்பைக் கட்டி வளர்ந்த எங்கள் பரமத்தி வேலூருக்கு ரிசப்ஷன் என்று ஒன்று வந்தது. கூடவே வாடகைக் கோட்டும் வந்து சேர்ந்தது.

இப்போது வழக்கம் இதுதான்: காலை முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, உருமால், முந்தின நாள் சாயங்காலம் மேடையில் கோட் சூட். "நாலு மணி நேரத்துக்கு எவன் காசு போட்டுத் தெப்பான்?" என்பது கொடிக்கால் வைத்திருக்கும் என் மச்சானின் வாதம். லண்டனிலும் இதே வாதம்தான் ஜெயித்திருக்கிறது. 1897இல் சார்லஸ் பாண்ட் என்பவர் பெரிய வீட்டு விருந்துகளில் நிகழ்ச்சி நடத்தப் போவதற்காக, மாஸ் பிரதர்ஸ் கடையின் ஆல்ஃப்ரெட் மாஸிடம் சூட் ஓசி வாங்கிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் மாஸ் காசு கேட்டுவிட்டார். வாடகைச் சூட் தொழில் அப்படித் தொடங்கியது என்பார்கள். ஓசி கேட்பவருக்கு 'இல்லை' என்று சொல்லத் தயங்கிய மனிதர் கண்டுபிடித்த தொழில். எங்கள் பக்கம் பிறந்திருக்க வேண்டியவர்.

அக்கா மகனுக்கு வைகாசியில் கல்யாணம். அளவு கொடுக்க ஒரு வாடகைக் கடைக்குப் போனோம். போனோம் என்றால் பையன், அக்கா, மச்சான், பையனின் சிநேகிதன், நான். மணப்பெண் வீடியோ காலில் இருந்தாள். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு கூட்டமில்லை.

எங்களூர் கண்ணளவுக்குப் பேர்போனது. வாழைத்தார் ஏலத்தில் பூவன் தாரைத் தொடாமலே விலை சொல்வார்கள். வெற்றிலையில் 100 இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. அதை அடுக்குகிற கை, வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே எண்ணி முடித்துவிடும். கடைக்காரரும் அந்த மண்தானே. பையன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "நாப்பது" என்றார்.

"அப்புறம் டேப் எதுக்குங்க?" என்றேன்.

"அளக்காமக் குடுத்தா சனம் ஒத்துக்கறதில்லீங்."

கழுத்தில் கிடந்த மஞ்சள் டேப்பை உருவினார். கை பட்டுப் பட்டு அதன் முதல் இரண்டு எண்கள் அழிந்திருந்தன. தோள், மார்பு, கை நீளம் என்று அவர் உரக்கச் சொல்ல, உதவிக்கு நின்ற பையன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினான். டேப் வயிற்றுக்கு இறங்கியதும் எங்கள் மாப்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்தான். முகம் சிவந்தது.

"மூச்ச உடு கண்ணு" என்றாள் அக்கா.

"மேடையில நாலு மணி நேரம் புடிச்சுட்டு நிக்க முடியும்னா இந்த அளவையே எழுதிக்கறனுங் தம்பி" என்றார் கடைக்காரர். மூச்சு வெளியே வந்தது. டேப் இரண்டு அங்குலம் பின்வாங்கியது. வீடியோ காலில் ஒரு சிரிப்புச் சத்தம்.

கோட் உலகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மார்பைவிட இடுப்பு ஆறு அங்குலம் குறைவாக இருக்கும் என்று வைத்துத்தான் பெரும்பாலான ரெடிமேட் சூட்டுகளை வெட்டுகிறார்கள். 40 கோட்டுக்கு ஜோடி 34 பேன்ட். எங்கள் பக்கத்து ஆண்கள் அந்த ஆறு அங்குலத்தை முப்பது வயதுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். இந்தியர்களுக்கென்று தனி அளவுப் பட்டியல் வேண்டுமென்று நிஃப்ட் நிறுவனம் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கத் திட்டம் போட்டது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங் என்று ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையே இல்லை, வேலூர் எங்கே வரும்? தமிழன் வயிற்றுக்கு தேசிய அந்தஸ்து கிடைக்க இன்னும் கொஞ்சம் நாளாகும்.

அளவெல்லாம் முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 40இல் கறுப்புக் கோட் அதே முகூர்த்தத்துக்குப் பாலம் தாண்டிக் கரூர்ப் பக்கம் போகிறதாம். மிச்சம் இருந்தது பளபளக்கும் ஒயின் கலர். மணப்பெண் நேவி புளூதான் வேண்டும் என்றாள். நேவி புளூ இருந்தது. ஆனால் 42.

கடைக்காரர் கலங்கவில்லை. 42ஐ மாட்டிவிட்டு, முதுகுப் பக்கம் தொளதொளவென்றிருந்த துணியைக் கொத்தாகப் பிடித்து வரிசையாக ஊக்குக் குத்தினார். முன்னாலிருந்து பார்த்தால் பையன் ஜவுளி விளம்பரத்தில் வருகிறவன் மாதிரி இருந்தான். பின்னாலிருந்து பார்த்த எங்களுக்கு ஊக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. "போட்டோ முன்னாடிதானுங்க" என்றார் அவர். மாப்பிள்ளையின் முதுகை எந்த ஆல்பத்திலும் நான் பார்த்ததில்லைதான்.

அக்காவின் கவலை வெயில். தொலைக்காட்சியில் 'கரூர் பரமத்தி 40 டிகிரியைத் தாண்டியது' என்று வரும்போதெல்லாம் வெளியூர்ச் சொந்தங்கள் எங்களுக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரிப்பார்கள். அது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பரமத்தி என்று விளக்குவதற்குள் எங்களுக்கும் வேர்த்துவிடும். 2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அந்த வருடமே அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. வைகாசியில் கோட் மாட்டி நிற்கிற மாப்பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இன்னும் ஒரு சட்டமும் இல்லை.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கடைக்காரர் நிபந்தனைகளைச் சொன்னார். மறுநாளே திருப்பித் தர வேண்டும். குழம்புக் கறை பட்டால் தனிக்காசு. "அப்புறம், பெரியவங்க கால்ல உழுகறதெல்லாம் காலைல வேட்டியில வெச்சுக்குங்க. இதுல குனிஞ்சா ஊக்குக்கு நான் பொறுப்பில்லீங்."

எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். மச்சானை மட்டும் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், உள்ளே கல்லாப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்: "நம்ம சைஸ்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கடைக்காரர் டேப்பைத் தொடவில்லை. ஒரு பார்வைதான்.

"இருக்குதுங். ரெண்டு வாடகை ஆகுமுங்."