14 நாளில் தெரிந்துவிடும்

பெறுநர்: மாண்பமை உணவுப் பாதுகாப்புத் துறை, சித்தூர், திருப்பதி மாவட்டங்கள்.

ஐயா,

திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் வேறு எவரும் லட்டு பிடிக்க முடியாது. அதற்குள் போகும் நெய்யில் கலப்படம் உண்டா என்று பார்க்கத் திருமலையில் சொந்த வசதி இல்லை என்பதோ 2024இல்தான் ஊருக்குத் தெரிந்தது. சொன்னவர் தேவஸ்தான நிர்வாக அதிகாரியேதான். பெயருக்குக் காவல் போட்டவர்கள் நெய்யைப் பெருமாள் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

விலையாவது யாரையாவது உறுத்தியிருக்கலாம். கிலோ சுமார் 320 ரூபாய். அந்த விலைக்குச் சித்தூர் மளிகைக் கடையில் பசு நெய் கேட்டால், "விளக்குக்கா சாமி?" என்பார் கடைக்காரர்.

அந்த ஜூலையில் டேங்கர் நெய்யின் மாதிரிகள் குஜராத்தின் ஆனந்த் நகருக்கு, தேசியப் பால்வள வாரிய ஆய்வகத்துக்குப் பயணம் போயின. வேற்றுக் கொழுப்பு கலந்திருக்கலாம் என்றது அறிக்கை. மாட்டின் தீவனமும் உடல்நிலையும்கூட எண்களைப் புரட்டலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? செப்டம்பரில் முதல்வர் சந்திரபாபு நாயுடு விலங்குக் கொழுப்பு என்றார், தேசமே கொதித்தது. அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஐவர் குழு அமைத்தது: சி.பி.ஐ.யிலிருந்து இருவர், மாநிலப் போலீஸிலிருந்து இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்திலிருந்து ஒருவர். நெய்யை முகர்ந்து பார்க்க நாலு போலீஸ்!

2024-25க்கு 5,141 கோடி ரூபாய் பட்ஜெட் போட்ட தேவஸ்தானத்துக்கு, சுமார் 75 லட்ச ரூபாய்ச் சோதனைக் கருவிகளைத் தானமாகத் தரப் பால்வள வாரியம் முன்வந்தது. உண்டியல் வைத்திருப்பவருக்கே காணிக்கை.

மலைக்குக் கீழே கதை வேறு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதிரியை நாலு பங்காக்கிச் சீல் வைக்க வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் கார்பைட் கல்லில் பழுத்த மாம்பழம் அதுவரை கூடையில் உட்கார்ந்திருக்குமா? கார்பைடுக்குத் தடை இருப்பது மாம்பழத்துக்குத் தெரியாது.

பஜ்ஜி எண்ணெய்க்கும் விதி உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறை. சட்டியில் முக்கினால் அங்கேயே எண் காட்டும் கையடக்கக் கருவி சந்தையில் கிடைக்கிறது. துறை அதை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம், அடுப்பு எரியும் நேரமாகப் பார்த்து, சித்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எழுந்தருள வேண்டும். கடைக்காரருக்கு முன்கூட்டியே போன் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பஜ்ஜிக்குக் காத்திருப்போர்