பயனில மொழிகளின் இலக்கணம்: ஒரு முன்னாய்வு

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்றும், அது எழுதப்படும் மொழியை நிரல்மொழி என்றும் வழங்குவர். ஊதியம் தரும் நிரல்மொழிகளுக்கு நூல்கள் அலமாரி கொள்ளாமல் பெருகியிருக்க, ஒருவர் தம் பொழுதுபோக்குக்கென ஆக்கி, பெரும்பாலும் தாம் ஒருவரே எழுதி மகிழும் குறுமொழிகளை ஆராய்வோர் அரியர். பயன் குறையக் குறைய இலக்கணக் கட்டுப்பாடு மிகும் என்னும் விதியை இம்மொழிகளின் துணைகொண்டு நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

இவ்வகையில் முன்னோடியாகிய இன்டர்கால், 1972இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களான டான் உட்ஸ், ஜேம்ஸ் லயன் ஆகியோரால் ஆக்கப்பட்டது. இம்மொழியில் கட்டளைகளுக்கு முன் ஆங்காங்கே 'பிளீஸ்' என்று எழுதுதல் வேண்டும். எழுதாவிடில் கம்பைலர், அதாவது நிரலைப் பொறிக்கு உரியதாக மாற்றும் மென்பொருள், மரியாதை போதாதென்று நிரலைத் தள்ளிவிடும். அளவுகடந்து எழுதினாலோ, குழைவு மிகுந்துவிட்டதென்று அப்போதும் தள்ளிவிடும். 1990இல் தோன்றிய சி-இன்டர்கால் என்னும் வழிநூலில் இவ்வளவு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமலும் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமலும் அமைந்துள்ளது. பணிவுக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் வகுத்த இலக்கணம் வேறொன்று இருப்பின் அறிந்தோர் கூறுக. எண்களை இம்மொழிக்கு ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லாலேயே உணர்த்த வேண்டும். அது விடையை உரோமன் எண்ணில் தரும். அச்சொற்கள் ஆங்கிலத்தில் மட்டுமன்றிச் சமஸ்கிருதத்திலும் பாஸ்க்கிலும் இருக்கலாம் என்று இசைந்த பின்வந்தோர் தமிழை விட்டமை தனியே ஆராயத்தக்கது.

உர்பான் மியுல்லர் 1993இல் ஆக்கியதும், இடக்கரடக்கல் கருதி ஈண்டுப் பெயர் சுட்டப்படாததுமான மொழி, எட்டே குறிகளைக் கொண்டிருத்தலின் மேற்கண்ட விதிக்கு மாறுபடுமே எனின், மாறுபடாது என்க. நினைவகம் வரம்பின்றிக் கிடைப்பின் எக்கணக்கையும் அவ்வெட்டுக் குறிகளால் செய்யலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒன்றைக் கூட்டல், ஒன்றைக் கழித்தல் என்பவையன்றி வேறு கணக்கு அறியாத அம்மொழியில் இரண்டு எண்களைப் பெருக்குவதற்கும், கட்டளைகளைத் திரும்பத் திரும்ப நிகழ்த்தும் வளையத்துக்குள் மற்றொரு வளையம் அமைக்க நேர்வதால், கட்டுப்பாடு இலக்கணத்திலிருந்து எழுதுவோரின் தலைக்கு இடம்பெயர்ந்ததேயன்றிக் குறைந்ததில்லை.

எட்வின் பிராடி, கிறிஸ் மோரிஸ் ஆகியோர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆக்கி, 2003 ஏப்ரல் 1 அன்று வெளியிட்ட 'வைட்ஸ்பேஸ்' மொழி, இடைவெளி, டேப், வரிமாற்றம் ஆகிய மூன்றையே எழுத்தாகக் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தனைத்தையும் பொருட்படுத்தாமல் விடுகிறது. ஆகவே தெரிவதெல்லாம் உரை, தெரியாததே மூலம் என்றாகிறது; மூலம் காணாமலே உரை வகுத்தோர் பலர் உண்டாதலின் தமிழ்ப் புலமையுலகுக்கு இது முற்றிலும் புதியதன்று.

இவ்விதியின் எல்லை, 1998இல் பென் ஓல்ம்ஸ்டெட் ஆக்கி, தாந்தேயின் நரகத்தில் எட்டாம் வட்டத்துக்குரிய பெயரைச் சூட்டிய 'மால்போல்ஜ்' ஆகும். ஒவ்வொரு கட்டளையும் நிறைவேறியவுடன் வேறொன்றாக மாறிவிடுதலின், ஆக்கியவரும் அதில் நிரல் எழுதியதில்லை. ஈராண்டுக்குப் பின் வெளிவந்த முதல் நிரலும், அதைத் தேடுவதற்கென்றே எழுதப்பட்ட வேறொரு நிரல் கண்டெடுத்துக் கொடுத்ததே. எனவே இம்மொழியில் முதலில் எழுதியவர் மனிதர் அல்லர் என்பது முடிபு.