35ஆவது அணி

எழுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அணியிலக்கணம் என்றால் மார்க். கவிதைக்கும் அதற்கும் ஏதோ உறவு உண்டு என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அணியின் விளக்கம், சான்று, பொருத்தம் என்று மூன்று பத்தி எழுதவேண்டும். 'எனவே இப்பாடலில் இவ்வணி பயின்று வந்துள்ளது' என்று முடித்து, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் முழு மார்க். தமிழய்யா திருத்தும்போது கோட்டைத்தான் பார்ப்பார் என்பது பரம்பரையாக வந்த நம்பிக்கை.

காலாண்டுப் பரீட்சை சமயம், விடிவதற்கு முன்னால் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு தற்குறிப்பேற்ற அணியை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைந்ததை, கோவலனையும் கண்ணகியையும் வராதீர்கள் என்று கைகாட்டி மறிப்பதாக இளங்கோவடிகள் சொன்னதுதான் எல்லா நோட்ஸிலும் சான்று. எதிர்வீட்டுச் சேவல் கூவியது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள். "வட்டிக்காரன் வார நாளுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு. விடியாத, விடியாதன்னு கத்துது பாரு" என்றாள்.

"படிக்கிற நேரத்துல பேசாதீங்க ஆச்சி" என்றேன்.

ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் வசைக்குப் பஞ்சமில்லை. அதிலும் நேரடியாகத் திட்டுவதை அவள் கௌரவக் குறைவாக நினைத்தாள். கைமாற்று வாங்கித் திருப்பித் தராதவர் தெருவில் போனால், "அந்தக் கிணத்துல வாளி விழுந்தா வராது" என்பாள். பிறிதுமொழிதல். என் அம்மாவைப் பற்றி விருந்தாளிகளிடம், "எம் மருமவ ரொம்பச் சிக்கனம். உப்பைக்கூட எண்ணித்தான் போடுவா." வஞ்சப்புகழ்ச்சி. இரண்டுக்கும் அம்மாவின் முகம் மாறும் விதத்திலிருந்தே எது எந்த அணி என்று சொல்லிவிடலாம். நாங்கள்தான் நோட்ஸில் தேடிக்கொண்டிருந்தோம்.

கதைக்கும் அதே கதிதான். குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக: காகம், தாகம், பானை, கூழாங்கல். எழுதி, அடியில் 'நீதி' என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். நீதி இல்லாத கதைக்கு ஒரு மார்க் குறையும். 1915இல் வ.வே.சு. ஐயர் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' பற்றிப் பேச்சு வந்தபோது, "மரம் எப்படிய்யா கதை சொல்லும்?" என்று ஒருவன் கேட்டான். "பரீட்சையில சொல்லும், உக்காரு" என்றார் தமிழய்யா. நல்ல கேள்வி அது. மரத்தால் கரையை விட்டு நகரமுடியாது. ஊர் வீடுகளுக்குள் நடப்பதைக் குளிக்க வருகிறவர்கள் பேசித்தான் அது தெரிந்துகொள்ளவேண்டும். கதைசொல்லிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. வகுப்பில் அதற்கு நேரமில்லை. கேட்டவன் உட்கார்ந்துவிட்டான்.

தமிழய்யாவின் மேசையில் தண்டியலங்காரம் இருந்தது. வடமொழி காவியாதர்சத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் எழுந்த நூல். பொருளணிகள் மட்டும் 35. எங்கள் பாடத்துக்கு அதில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கடைசி அணி எது என்று கேட்டோம். "பாவிகம். காப்பியம் முழுசுக்கும் சேர்ந்த அணி. ஒரு பாட்டுல அகப்படாது. பரீட்சைக்கும் வராது" என்று புத்தகத்தை மூடினார்.

இது அந்தக் காலம். இப்போது முன்னேறிவிட்டோம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பகல் முழுக்கத் தூங்கும் தங்கை மகனைப் பற்றி, 'மாப்பிள்ளை வீட்டைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காக்கிறார், கண்ணை மட்டும் திறப்பதில்லை' என்று எழுதினேன். இரண்டு கும்பிடு பொம்மையோடு 'நன்றி மாமா' என்று பதில் வந்தது. கிண்டல் என்றால் கடைசியில் சிரிக்கும் பொம்மை போடவேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது என்று அவன் அக்காள் தனியாக எனக்குப் பாடம் எடுத்தாள். அதியமானுக்காகத் தூதுபோன அவ்வை, தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூட்டி நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினாள். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. அதில் பொம்மை எதுவும் இல்லை. தொண்டைமான் நன்றி சொன்னானா என்பதற்கும் குறிப்பில்லை.

கதையின் யோகம் வேறு. சோப்புக்குக் கதை, வங்கிக் கடனுக்குக் கதை, முழங்கால் மாற்று சிகிச்சைக்குக் கதை. ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று என் மகன், நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நடந்த 'ஸ்டோரிடெல்லிங்' பயிலரங்கத்துக்குப் பணம் கட்டி அனுப்பினான். பயிற்சியாளருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. முதல் படத்தில் இடமும் நேரமும். நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்று தொல்காப்பியர் தொடங்கியதும் அங்கேதான். பையன் அவரைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. பிறகு பாத்திரம், மோதல், திருப்பம். அடுத்து ஒரு பயிற்சி: நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியாக மாறி ஐந்து நிமிடம் பேசவேண்டும். பெரிய கம்பெனி மேலாளர்கள் நாற்காலிகளாகி, தங்கள் மேல் உட்கார்ந்தவர்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். ஒருவர் அழுதார். அரசமரத்துக்கு அன்று கிடைக்காத மரியாதை.

கடைசிப் படத்தில் 'கோர் மெசேஜ்'. கதை முழுதும் சேர்ந்து எந்த ஒரு வரியைச் சொல்கிறதோ அது. அது எந்த ஒரு காட்சியிலும் தனியாக அகப்படாது என்று பையன் விளக்கினான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ராமாயணத்தோட கோர் மெசேஜ் என்ன?" என்று அவன் கேட்க, பிறன் மனையை விரும்பியவன் சுற்றத்தோடு கெடுவான் என்றேன். தண்டியலங்கார உரையில் பாவிகத்துக்குக் காட்டியிருக்கும் சான்றுதான் அது. எல்லாரும் கைதட்டினார்கள். "சார் ஒரு நேச்சுரல் ஸ்டோரிடெல்லர்" என்று பையன் எனக்கு ஒரு பேனா பரிசளித்தான். பேனா எழுதவில்லை.

பயிலரங்கக் கட்டணத்தில் மதியச் சாப்பாடும் ஜிஎஸ்டியும் அடக்கம். தண்டியலங்காரம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. சாப்பாட்டை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளவேண்டும்.