குருவி குறைஞ்சுபோச்சு என்று அடித்துச் சொல்வது எப்படி?

பறவைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதற்குப் பறவையைப் பார்த்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் நின்று, அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "முன்னெல்லாம் எவ்ளோ குருவி!" என்று பெருமூச்சு விட்டால் போதும். பக்கத்தில் நிற்பவர், "எல்லாம் செல்போன் டவரால சார்" என்பார். ஆய்வு முடிந்தது, கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பலாம். டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் ஏது என்று எவராவது ஆரம்பித்தால், 2018இல் வந்த 2.0 படத்தில் பறவைகளுக்காக அக்‌ஷய் குமார் பட்ட பாட்டை நினைவூட்டி வாயை அடைத்துவிடுங்கள்.

சில பிடிவாதக்காரர்கள் எண்ணித்தான் பார்ப்பேன் என்பார்கள். மீதிக் குறிப்புகள் அவர்களுக்கு.

எண்ணுவதற்கு ஏற்ற மாதம் ஜனவரி. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அப்போதுதான் நடக்கிறது. வனத்துறை ஏரிகளில் எண்ணுவதும் குளிர்காலத்தில்தான். வடக்கேயிருந்து வந்த வாத்தும் உள்ளானும் தண்ணீரில் நிற்கும், நீங்கள் ஸ்வெட்டரில் நிற்கலாம். ஏப்ரலில் விருந்தாளிகள் ஊர் திரும்பிவிடுவார்கள். அப்புறம் கத்திரி வெயிலில் இங்கேயே கூடு கட்டிப் பிள்ளை வளர்க்கும் காக்கா, மைனா, ஆள்காட்டி, முக்குளிப்பான் இவர்களை யார் எண்ணுவது? மே மாதத்திலும் ஒரு நாள் உலகம் முழுக்க எண்ணத்தான் எண்ணுகிறார்கள். அன்றைக்கு நமக்கு ஏசி ரூமில் வேலை இருக்கும். விருந்தாளிக்கு வருகைப் பதிவேடு உண்டு. வீட்டுக்காரனுக்கு ரேஷன் கார்டுகூடக் கிடையாது.

காக்காவை எண்ண அமாவாசையைத் தேர்ந்தெடுங்கள். தெரு முழுக்க ஒவ்வொரு மாடியிலும் வடை பாயசத்தோடு "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாலு வீட்டில் தின்று வயிறு நிறைந்தது ஐந்தாவது வீட்டுக்கு ஏன் வரப்போகிறது? உங்கள் மாடியில் ஒன்றுகூட இறங்காது. காக்கா இனமே அழிந்துவிட்டது என்று அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவித்துவிடலாம்.

குயிலைக் காதால் எண்ணவும். விடியற்காலை நாலு மணிக்கு மாமரத்தில் கூவியது, நாலரைக்கு வேப்பமரத்தில் கூவியது, ஐந்துக்கு எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் பக்கம் கூவியது: மொத்தம் மூன்று என்று எழுதுங்கள். துணை கிடைக்காத ஒரே ஆண்குயில்தான் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும், போகட்டும். 2020 ஊரடங்கில் இந்த முறை அபாரமாக வேலை செய்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி பஸ் இல்லை, லாரி இல்லை. பறவைகள் திடீரென்று பெருகிவிட்டன என்று எல்லோரும் சொன்னார்கள். நமக்குத் திடீரென்று காது கேட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஏரிக்குப் போவதானால் வறண்ட வருஷமாகப் பார்த்துப் போங்கள். 2019 கோடை மாதிரி. செம்பரம்பாக்கமே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வருஷம் அது. ஏரி வற்றும்போது மிச்சமிருக்கும் ஒரு குட்டையில் மீன் நெருக்கியடிக்கும். சுற்றுவட்டாரக் கொக்கெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். எண்ணினால் நோட்டில் இடம் போதாது. அடுத்த வருஷம் நல்ல மழை பெய்து ஏரி நிறைந்ததும் அவை பத்து ஏரிக்குப் பிரிந்து போய்விடும். "பாதிகூட இல்லை!" என்று நீங்கள் கட்டுரை எழுதலாம்.

ஆள்காட்டிக்கு மட்டும் இந்த வித்தையெல்லாம் தேவைப்படவில்லை. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்குப் போகும் வழியில், மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கல்லுக்கும் ஜல்லிக் குவியலுக்கும் நடுவே நாலு முட்டை கிடந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை, தரையில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். களிமண் நிறம், மேலே கருப்புத் திட்டு. பார்த்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினால் மறுபடி தேட வேண்டும், ஜல்லியோடு ஜல்லி. தாய் எங்கேயோ போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் குந்தியது. மே மாத மத்தியானத்தில் முட்டை வெந்துபோகாமல் இருக்க இதுதான் அதற்குத் தெரிந்த ஏர்கூலர். நான் இன்னும் இரண்டடி வைத்ததும் தலைக்குமேல் பறந்து, ஊருக்கே என்னைக் காட்டிக்கொடுத்தது. மறுவருஷம் அங்கே கடைக்கால் போட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். ஆள்காட்டி: பூஜ்யம். சி.எம்.டி.ஏ. அப்ரூவல் மனைக்கு இருந்தது, முட்டைக்கு இல்லை.

இனி, கண்டிப்பாகச் செய்யக்கூடாதது. வட அமெரிக்காவில் 1966 முதல் ஒரு கூட்டம் கோடையில் கூடு கட்டும் பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. குறித்த சாலை, அதில் 50 நிறுத்தம், ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம், சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன் ஆரம்பம். வருஷா வருஷம் அதே சாலை, அதே பருவம். இப்படி எண்ணினால் பறவையோடு சேர்த்து எண்ணுகிறவரின் லட்சணமும் வெளியே வந்துவிடும். புதுசாக வந்தவர் முதல் வருஷம் குறைவாகவே எண்ணுகிறார் என்று அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாம் வருஷம் கூடியது பறவை இல்லை, அவருடைய பழக்கம். வயதானவருக்குத் தேன்சிட்டு மாதிரிக் கீச்சுக்குரல்காரர்கள் ஒவ்வொருவராகக் காதிலிருந்து காணாமல் போவார்கள். இந்த அவமானம் நமக்கு எதற்கு?

இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இலும் 2023இலும் வந்த அறிக்கைகளையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது அறிக்கை சுமார் 30,000 பேர் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளிலிருந்து வந்தது. குயிலும் மயிலும் கூடியிருக்கின்றன என்கிறது, பெருமூச்சு விடுகிறவருக்கு அதில் என்ன லாபம்? முதல் அறிக்கையில் இன்னும் பெரிய தலைவலி. ஊர்க்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, ஆனால் ஆறு பெருநகரங்களில் மெல்லக் குறைகிறது என்றது. ஆறில் சென்னையும் ஒன்று. டீக்கடையில் நின்றவர் சொன்னதில் பாதி சரியாகப் போய்விட்டது! ஓட்டு இடுக்கும் போட்டோ சட்டத்தின் பின்பக்கமும் போய், கண்ணாடி முகப்பு வந்த வீட்டில் அது எங்கே கூடு வைக்கும், குஞ்சுக்குப் புழு எங்கே பிடிக்கும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் டீ ஆறிவிடும்.

இவ்வளவு சொல்லியும் கேட்காமல் எண்ணப் போகிறீர்கள் என்றால், கத்திரி மே 4 வாக்கில் ஆரம்பிக்கிறது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு, பதினைந்து நிமிடம், எண்ணியதை எழுதி வைத்தால் போதும். அடுத்த வருஷமும் அதே மாடி, அதே நேரம். மாடிச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். முந்தின நாள் ராத்திரியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.