டேங்குக்கு எதற்கு டானிக்?

பெட்ரோலில் ஊற்றினால் மைலேஜ் கூடும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே, வாங்கலாமா?
*ஆட்டோ ஓட்டுநர், சிதம்பரம்*

இன்ஜெக்டரில் கரி படிந்திருந்தால் பாலிஈதர் அமீன் கலந்த கிளீனர் அதைக் கழுவிவிடும். இழந்த மைலேஜ் திரும்பும். சுத்தமாக இருக்கிற இன்ஜினுக்கு அது ஒன்றும் செய்யாது. முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், டயரில் காற்று பிடியுங்கள். அன்றாடக் கூலியைப் பாட்டிலில் கரைக்காதீர்கள்.

95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பைக் பறக்குமா?
*கல்லூரி மாணவர், கடலூர்*

ஆக்டேன் என்பது வேகம் அல்ல, பொறுமை. நேரத்துக்கு முன் தானாகப் பற்றிக்கொண்டு இன்ஜினைத் தட்டவிடாத குணம். வண்டிக் கையேட்டில் 91 போதும் என்றிருந்தால் 91 போதும்.

பாச்சை உருண்டை போட்டால் இன்ஜின் சீறும் என்கிறார் நண்பர்.
*வாசகர், பரங்கிப்பேட்டை*

அது நாப்தலின். பெட்ரோல் ஆவியானதும் மறுபடி உறைந்து குழாயிலும் கார்புரேட்டர் துளையிலும் அடைக்கும். அதன் இடம் துணிப்பெட்டி.

கரும்பிலிருந்து வரும் எத்தனாலைக் கலந்ததால் மைலேஜ் குறைந்தது உண்மையா?
*கரும்பு விவசாயி, நெல்லிக்குப்பம்*

உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆற்றல் 6, 7 சதவீதம் குறையும். ஆனால் ஆக்டேனைக் கூட்டுவதில் எத்தனால் கெட்டி. உங்கள் கரும்புக்கு அந்தப் பெருமை உண்டு.

2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்தில் என் ஸ்கூட்டர் மூழ்கியது. அடுத்த முறை என்ன மருந்து ஊற்றுவது?
*இல்லத்தரசி, கடலூர்*

எதுவும் ஊற்றாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். மெக்கானிக்கிடம் சொல்லி டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவில் கோடு விழுந்து இரண்டு அடுக்காகப் பிரிந்தால், கீழே நிற்பது தண்ணீரும் அது இழுத்துக்கொண்ட எத்தனாலும். டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள்.

விசைப்படகின் டீசல் ஃபில்டரில் கறுப்பாக வழவழவென்று பிடிக்கிறது.
*படகு உரிமையாளர், கடலூர் முதுநகர்*

நுண்ணுயிர்கள். டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் குடித்தனம் நடத்துகின்றன. இங்கே ரசாயனம் உண்மையிலேயே உதவும்: டீசலுக்கான கிருமிக்கொல்லி. ஆனால் தண்ணீரை வடித்த பிறகுதான். கரையில் நிற்கும்போது டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கோக்காது.

ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் என்ன ஆனது?
*வாசகர், சேத்தியாத்தோப்பு*

1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து கிளம்பி நாட்டையே பேச வைத்தது. மூலிகை என்று விற்றது பென்சீன், டொலுவீன் போன்ற பெட்ரோலியப் பொருட்களின் கலவை என்றது சிபிஐ. 2016-ல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் மூன்றாண்டு கடுங்காவல் விதித்தது.

சொன்னதைச் செய்த ரசாயனமே கிடையாதா?
*பொறியியல் மாணவி, அண்ணாமலை நகர்*

உண்டு. அதுதான் பெரிய பாடம். 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் கலந்து பார்த்த டெட்ராஎத்தில் ஈயம், இன்ஜின் தட்டுவதை நிறுத்தியது. புகையோடு போய்க் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. இந்தியா 2000-லும், கடைசி நாடான அல்ஜீரியா 2021-லும்தான் அதைக் கைவிட்டன. ஆய்வுக்கூடத்தில் எதைக் கலந்தாலும், புகைக்குழாய் வழியே என்ன வெளியேறுகிறது என்பதையும் அளந்துவிடுங்கள், அம்மா.

சரி, நாங்கள் செய்யக்கூடியது என்ன?
*பலர்*

பங்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டுப் பெட்ரோல் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் காய்ந்து, கறை இல்லாமல் போக வேண்டும். எண்ணெய்க் கறை தங்கினால் கலப்படமாக இருக்கலாம்; புகார் எழுதுங்கள். அந்தப் பேப்பருக்குக் காசு கிடையாது. கேட்பது உங்கள் உரிமை.