துணியோடு மல்லுக்கட்டு

ஜூஜுட்சு போட்டியில் எதிராளியிடம் போய்ச் சேர்வதற்கு முன்னால், கையில் அளவுகோலோடு நிற்கும் ஒருவரைத் தாண்ட வேண்டும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்வார். சட்டையின் கை மணிக்கட்டிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் போச்சு. பேன்ட் கணுக்காலுக்கு மேல் 5 சென்டிமீட்டரைத் தாண்டித் தூக்கியிருந்தாலும் போச்சு. நீட்டிய கைக்கும் துணிக்கும் நடுவே 7 சென்டிமீட்டர் இடம் வேண்டும். கழுத்துப் பட்டி 5 சென்டிமீட்டர் அகலம், 1.3 சென்டிமீட்டர் கனம். துணி கிழிந்திருக்கக் கூடாது, ஈரமாக இருக்கக் கூடாது, நாறக் கூடாது. ஐ.பி.ஜே.ஜே.எஃப். என்கிற சர்வதேசக் கூட்டமைப்பின் சட்டம் இது. என் கல்யாணச் சட்டையைத் தைத்தவர்கூட இத்தனை அளவு எடுக்கவில்லை.

கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் சட்டையைப் பிடித்தால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். இந்த விளையாட்டு அங்கேதான் தொடங்குகிறது. 1882இல் ஜப்பானில் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் ஆரம்பகால மாணவர்கள் குட்டைக் கைச் சட்டையும் குட்டைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டுதான் புரண்டார்கள். 1907 வாக்கில் கையும் காலும் நீண்டன. பிடிக்கத் துணி இருந்தால்தானே பிடிக்கும் வித்தை வளரும்? அந்த வித்தை 1914இல் ஜூடோ வீரர் மேதா மிட்சுயோவோடு கப்பலேறி பிரேசிலுக்குப் போனது. அங்கே கிரேசி குடும்பத்தார் அதைத் தரையில் கிடந்து புரளும் கலையாக வளர்த்தார்கள். அதுதான் இந்த ஜூஜுட்சு. நம் குஸ்தி வாத்தியார்களோ லங்கோட்டோடு கோதாவில் இறங்கியவர்கள், பிடிக்கத் துணியே கிடையாது. அவர்கள் இன்று இந்தப் போட்டிக்கு வந்தால் வாசலிலேயே மடக்கிவிடுவார்கள். உள்ளாடை கட்டாயம், ஆனால் அது கயிறு போல இருக்கக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் மெனக்கெட்டு எழுதியிருக்கிறது.

அளவுகோல் வைத்து அளக்கும் இந்தப் போட்டி உடைக்குப் பெயர் கி. நான் குடியிருக்கும் சென்னைப் புறநகர் நாவலூரில் ஐடி கம்பெனி கிடைக்கும், பிரியாணி நள்ளிரவிலும் கிடைக்கும். கி கிடைக்காது. 2023 அக்டோபரில் டோல்கேட் வசூலை நிறுத்திய பிறகு ஊரைவிட்டு வெளியே போவது மலிவாகிவிட்டது என்பதால் தாம்பரம் பக்கம் போய் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் விசாரித்தேன்.

“கராத்தே டிரஸ்தானே சார்? எந்த சைஸ்?”

“கராத்தே இல்லைங்க, ஜூஜுட்சு.”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. துணை மேயராகவே ஒரு கராத்தே தியாகராஜனைப் பார்த்த ஊர் இது. ஜூடோ, குங்ஃபூ, டேக்வாண்டோ எல்லாம் இங்கே கராத்தேக்குள் அடக்கம். ஆனால் அவர் எடுத்துப் போட்ட உடை வேட்டித் துணி கனத்தில் இருந்தது. ஜூஜுட்சு ஆள் ஒருவன் காலரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கினால் மீதி கைக்குட்டைக்குத்தான் ஆகும்.

கி துணி வேறு ஜாதி. சென்னிமலைப் போர்வைக்குக் கை வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். கனத்தை ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் சொல்வார்கள்: மெல்லியது 350, தடித்தது 550. உலகத்துக்கே இந்த உடையைத் தைத்து அனுப்புகிற ஊர்களில் முக்கியமானது பாகிஸ்தானின் சியால்கோட். 2019இல் நம் அரசு பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீத வரி போட்டது. 2025 மே மாதம் இறக்குமதியையே மூடிவிட்டது. கோயம்புத்தூரில் நூல் நூற்று, திருப்பூரில் பனியன் தைத்து, கரூரில் படுக்கை விரிப்பு நெய்து உலகத்துக்கே அனுப்புகிற மாநிலத்தில் இருந்துகொண்டு, ஒரு சட்டைக்காக இந்திய–பாகிஸ்தான் உறவு சீராகுமா என்று செய்தி பார்க்க வேண்டியிருக்கிறது. கடைசியில் வடக்கே தைத்த ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். உயரத்தையும் எடையையும் வைத்து ஏ1, ஏ2, ஏ3 என்று அட்டவணை போட்டிருந்தார்கள். என் உயரம் ஏ2 என்றது, எடை ஏ3 என்றது. தொப்பைக்குத் தனியாகக் கட்டம் கிடையாது.

எடை என்றதும் ஒரு சூட்சுமம். ஐ.பி.ஜே.ஜே.எஃப். போட்டியில் கி போட்டுக்கொண்டேதான் தராசில் ஏற வேண்டும். முதல் மோதலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரே தடவை. கி இல்லாத போட்டியில் ஆண்களுக்கான லைட் பிரிவின் எல்லை 73.5 கிலோ, கி போட்டியில் அதே பிரிவு 76 கிலோ. ஆக, உடைக்கென்று இரண்டரை கிலோ ஒதுக்கியிருக்கிறார்கள். மெல்லிய கி பெல்ட்டோடு சேர்த்து ஒன்றரை கிலோவுக்குள் அடங்கிவிடும். மீதி ஒரு கிலோ நம்முடையது, அதை எந்தக் கடையில் சாப்பிட்டு நிரப்புவது என்பது அவரவர் விருப்பம். விளையாட்டு வீரர்களுக்கு இவ்வளவு கருணையான சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னொரு கருணை: 41 வயதானால் ‘மாஸ்டர் 3’ பிரிவு. இடுப்பில் கட்டியிருப்பது வெள்ளை பெல்ட், தெரிந்தது நாலே பிடி, ஆனாலும் மாஸ்டர். ஆபீஸில் சொல்லிக்கொள்ள இது போதும்.

நிறம் மூன்றே மூன்று: வெள்ளை, நீலம், கறுப்பு. சட்டையும் பேன்ட்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். அழுக்குத் தெரியாது என்று நீலத்தையோ கறுப்பையோ பரிந்துரைப்பவர்கள் கார்த்திகை மாதத்தில் நாவலூர் அபார்ட்மென்டில் வாழ்ந்திராதவர்கள். என்னோடு பயிற்சி எடுக்கும் நண்பர் அதிகாலையில் நீலக் கி, வெறுங்கால், தோளில் ஒரு மூட்டை சகிதம் லிஃப்ட்டுக்குள் போனார். உள்ளே இருந்த பெரியவர் கைகூப்பி, “சாமி, எப்ப மலைக்கு?” என்றார். மறுநாளிலிருந்து வாட்ச்மேனும் சாமி என்றே கூப்பிட, நண்பர் மாடியில் ஆம்லெட் போடவே பயந்துபோனார். இத்தனைக்கும் மேட் விரிப்பை விட்டு இறங்கினால் காலில் செருப்பு இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. விதியை மதித்திருந்தால் மாலை போடாமலேயே விரதம் இருந்திருக்க வேண்டாம்.

வெள்ளையில் வேறு வம்பு. எங்கள் பக்கத்தில் லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும்தான். சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி கொஞ்ச நாளில் பழைய காகித நிறத்துக்குப் போய்விடும். பிளீச் ஊற்றினால் தண்ணீரில் இரும்பு இருக்கும் இடத்தில் மஞ்சள் இன்னும் ஏறும், நூலும் நைந்துபோகும். மகனின் கௌரவத்தைக் காப்பாற்ற அம்மா சொட்டு நீலத்தை எடுத்தார். சட்டைக்குத் தாராளமாக விழுந்தது. பேன்ட் முறை வருவதற்குள் பாட்டில் காலி. வெளிர்நீலச் சட்டை, மஞ்சளான பேன்ட். “இப்பதான் பார்க்க ஜம்முனு இருக்கு” என்றார் அம்மா. ஒரே நிறம் என்ற விதியை அவரிடம் எடுத்துச் சொல்லும் துணிச்சல் எந்த நடுவருக்கும் இருக்காது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சுருங்கல். தறியில் இழுத்துப் பிடித்து நெய்த பருத்தி நூல், நனைந்ததும் சோம்பல் முறித்துத் தன் சொந்த நீளத்துக்குத் திரும்பும். ஆலையிலேயே சுருக்கி அனுப்பியது என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் மிச்சம் மீதி சுருங்கத்தான் செய்யும். வெந்நீரும் டிரையரும் பட்டால் கேட்கவே வேண்டாம். எனவே பச்சைத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, நிழலில் காய வைத்து, அதன் பிறகே டெய்லரிடம் போக வேண்டும். வாங்கிய அன்றே கையை வெட்டுபவர் போட்டிக்கு அரைக்கைச் சட்டையோடு போவார்.

டெய்லர் அண்ணன் துணியைத் தடவிப் பார்த்தார். “என்ன சார், சோபா கவரா?”

“விளையாட்டு டிரஸ் அண்ணே. கையில் ரெண்டு சென்டிமீட்டர் குறைக்கணும்.”

“ரெண்டு சென்டிமீட்டருக்கு யார் சார் தைப்பா? மடிச்சு விட்டுக்கங்க.”

மடித்துவிடக் கூடாது என்று விளக்கினேன். ஜீன்ஸ் தைக்கிற 18ஆம் நம்பர் ஊசியைப் போட்டார். கை தப்பித்தது. பயிற்சிக்கூடத்தின் பேட்ஜைத் தைத்துக் கொடுக்கச் சொன்னபோதுதான் சிக்கல். நான் காட்டிய இடத்தை விட்டுவிட்டு, பார்வையாக இருக்கும் என்று காலர் மேல் வைத்தார். அதற்குள் இருக்கும் ரப்பரில் ஊசி ஒடிந்தது. நல்லவேளை. பேட்ஜ் எங்கெங்கே இருக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது, தப்பான இடத்தில் இருந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்வார்கள்.

இவ்வளவும் முடித்துப் பார்த்தபின் என் தீர்ப்பு: வெள்ளை, 400 ஜி.எஸ்.எம்முக்குக் கீழே, இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டினால் பெரியது. மாதக் கடைசியில் போட்டி என்றால் மாத முதலிலேயே துவைத்து, கையை நீட்டி, ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போட்டி என்றால் இரண்டு செட் இல்லாமல் பெயர் கொடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கி காயாது. ஈரக் கி தராசில் கூடுதலாக நிற்கும், மூக்குக்கும் தெரியும்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். பால்கனியில் துணி தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று லிஃப்ட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். மழைக்காலம் முடியும்வரை ஒரே ஒரு கி-க்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவேன் என்று பொய் சொல்லமாட்டேன். மூன்று நாள் ஆகும்.